ஒரு ஜோடி ப்ரொப்பல்லரும் பதினோரு சுற்றும்

நான் இன்ஜினியர் என்று என் வாயால் ஒருபோதும் சொன்னதில்லை. அடுத்தவர்கள் சொன்னபோது திருத்தவில்லை, அவ்வளவுதான். இந்த இரண்டுக்கும் நடுவே பெரிய வித்தியாசம் இருக்கிறது என்று இருபத்தொன்பது வயதில் நான் மனதார நம்பினேன். அந்த நம்பிக்கையின் விலையைத்தான் இங்கே எழுதப் போகிறேன்.

எங்கள் பக்கத்தில் வளைகுடாவுக்குப் போனவன் லீவில் வந்தால் யாரும் அவனிடம் "என்ன வேலை?" என்று கேட்பதில்லை. "எந்தக் கம்பெனி?" என்றுதான் கேட்பார்கள். நான் ஷார்ஜாவில் விசைப்படகு கட்டுகிற ஒரு யார்டில் இருந்தேன். யார்டில் என்றால், யார்டின் ஸ்டோரில். ஸ்டோரில் என்றால், ஏ.சி. போட்ட ஓர் அறையில் இரும்பு ராக்குகளுக்கு நடுவே ஒரு கம்ப்யூட்டர் முன்னால். படித்தது பி.காம். ஃபோர்மேன் சீட்டு அனுப்புவார், நான் சாமானை எடுத்துக் கொடுப்பேன். எட்டு வருஷத்தில் ஒரு திருகாணி கூட என் ராக்கிலிருந்து காணாமல் போனதில்லை. ஆனால் ஒரு படகு தண்ணீரில் ஓடுவதை ஒரு நாள்கூடப் போய்ப் பார்த்ததில்லை. (தண்ணீர் என்றாலே எனக்குக் குமட்டும். குளத்தில் வாத்து நீந்துவதைப் பார்த்தால்கூட லேசாக ஏதோ செய்யும்.)

தக்கலையில் எங்கள் வீட்டுக்குத் தரகர் வந்தபோது அம்மா சொன்னாள்: "மவன் போட் கம்பெனியில இன்ஜினியராக்கும்." நான் அடுத்த அறையில்தான் இருந்தேன். காது நன்றாகக் கேட்டது. சாயாவைத் தொடர்ந்து குடித்தேன்.

பெண் வீடு தேங்காய்ப்பட்டணத்துக்குப் பக்கம். பெண்ணின் அப்பா, அதாவது மாமா, மீன் வியாபாரி. பெண் ஷீபா, பள்ளிக்கூடத்தில் இயற்பியல் டீச்சர். அவளுடைய அண்ணன் டைட்டஸ், ஆறு கடலில் சேருகிற இடத்தில் சுற்றுலாக்காரர்களை ஏற்றிச் சுற்றிக் காட்ட ஒரு ஃபைபர் படகுக்கு அட்வான்ஸ் கொடுத்திருந்தான். பெண் பார்க்கப் போன அன்று, நான் செருப்பைக் கழற்றி உள்ளே உட்காரும் முன்பே அவன் ஆரம்பித்துவிட்டான்.

"மாப்பிள, ஒரு சம்சயம். நம்ம வள்ளத்துக்கு என்ஜின உள்ள வைக்கணுமா, பொறத்த தொங்க விடணுமா?"

'எனக்குத் தெரியாது மச்சான், நான் ஸ்டோர் கீப்பர்' என்று சொல்லியிருக்க வேண்டிய இடம் இதுதான். ஆனால் அந்த நேரம் பார்த்து ஷீபா பலகாரத் தட்டோடு வந்தாள். பச்சைக் கரை போட்ட சேலை. அவ்வளவுதான், என் கை தானாகப் போய் தட்டை இழுத்தது.

ஒரு ஏத்தம்பழத்தை நெடுக்காகப் பிளந்தேன். "இதாக்கும் வள்ளத்துக்க அடி. இப்படிக் கூரா இருந்தா அலைய வெட்டிட்டுப் போவும். பரப்பா இருந்தா வேகம் பிடிச்சதும் தண்ணிக்க மேல எழும்பி ஓடும்." ஒரு பல்குத்தும் குச்சியைப் பழத்தின் அடியில் சாய்வாகச் செருகினேன். "என்ஜின் உள்ள, ராடு அடிய துளைச்சி வெளிய வரும். இது ஒரு வகை." குச்சியை உருவிப் பின்பக்கம் செருகினேன். "என்ஜின் உள்ள, காலு மட்டும் பொறத்த. இது ரெண்டாவது." ஒரு முந்திரிக்கொத்தை எடுத்துப் பழத்தின் வாலில் ஒட்டினேன். "மொத்தமும் பொறத்த தொங்குது. உங்களுக்கு இது போதும். மணல்ல தட்டும்னு தோணினா தூக்கிக்கிடலாம்." பிறகு ஒரு அச்சு முறுக்கை விரலில் மாட்டிச் சுழற்றினேன். "ப்ரொப்பல்லர் ஒரு தடவ கறங்கினா எவ்வளவு தூரம் முன்னால போவும்கிறதிலதான் காரியம். திருகாணிய மரத்துல முடுக்குத மாதிரி."

இதில் ஒரு வரிகூடத் தப்பு இல்லை. எல்லாம் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கேட்டலாக்கைப் புரட்டிப் புரட்டிப் படித்தது. மாமா வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார். அச்சு முறுக்கு சுழன்ற வேகத்தில் உடைந்து ஒரு துண்டு அவருடைய சாயாவில் விழுந்தது. அதை எடுத்துச் சாப்பிட்டுவிட்டுத் தலையை ஆட்டினார்.

ஷீபா ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "அந்த முறுக்க எந்தப் பக்கமா சுத்தணும்?"

"எந்தப் பக்கம் சுத்தினாலும் வள்ளம் முன்னாலதான் போவும்" என்றேன்.

"ஓ" என்றாள். நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். டீச்சர்கள் சொல்கிற 'ஓ'வில் எத்தனை வகை உண்டு என்பதெல்லாம் கல்யாணம் ஆன பிறகுதான் ஒருவனுக்குத் தெரிய வருகிறது.

நிச்சயம் முடிந்து ஷார்ஜாவுக்குத் திரும்பினேன். கல்யாணத்துக்கு லீவு எடுத்து வரும்போது டைட்டஸுக்கு என்ன கொண்டு போவது என்று யோசனை. ஒரு பாட்டில் சென்ட், ஒரு டார்ச் லைட் என்று போய் நின்றால் இன்ஜினியருக்கு மரியாதை இல்லை. அப்போது யார்டில் ஒரு பழைய இரட்டை என்ஜின் படகை உடைத்தார்கள். அதிலிருந்து கழற்றிய இரண்டு ஸ்டீல் ப்ரொப்பல்லர்கள் என் ஸ்டோருக்கு வந்தன. கண்ணாடி மாதிரி பளபளப்பு. "உனக்கு வேணும்னா எடுத்துக்கோ" என்று ஃபோர்மேன் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்.

டைட்டஸின் படகிலும் இரண்டு என்ஜின்கள், இரண்டும் பின்னால் தொங்குகிறவை. போன் செய்து என்ஜின் நம்பர் கேட்டேன். ப்ரொப்பல்லரின் நடுத்துளையில் எத்தனை பல், எவ்வளவு விட்டம், எல்லாம் ஒத்துப் பார்த்தேன். அச்சாகப் பொருந்தியது. ஸ்டோர் கீப்பர் வேலையை நான் குறையில்லாமல் செய்தேன். (பொருந்தாமல் போயிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. என் வாழ்க்கையில் நான் சரியாகச் செய்த வேலைகள்தான் என்னை அதிகம் கவிழ்த்திருக்கின்றன.)

ஒரு விஷயம் கவனித்தேன். இரண்டு ப்ரொப்பல்லரும் ஒரே அளவு, ஆனால் இலைகள் வளைந்த பக்கம் வேறு. ஒன்று இந்தப் பக்கம் சாய்ந்தால் மற்றது அந்தப் பக்கம். எதிரெதிரே வைத்தால் கண்ணாடியில் பார்ப்பது போல. எனக்கு அதில் சந்தேகமே வரவில்லை. செருப்பு வாங்கினால் இரண்டும் இடது காலுக்கா வாங்குகிறோம்? வலதுக்கு ஒன்று, இடதுக்கு ஒன்று. என் எட்டு வருஷ அனுபவமும் அதைத்தான் சொன்னது: இரட்டை என்ஜின் படகுக்குச் சீட்டு வந்தால் இதில் ஒன்று, அதில் ஒன்று என்றுதான் வரும். ஏன் அப்படி வருகிறது என்று கேட்கிற வேலை ஸ்டோர் கீப்பருக்கு இல்லை.

திருவனந்தபுரம் விமான நிலையத்தில் எக்ஸ்ரே பார்த்த அதிகாரி பெட்டியைத் திறக்கச் சொன்னார். ஒரு ஜட்டிக்கும் ஒரு பாதாம் பாக்கெட்டுக்கும் நடுவே ஆறு இலைகள் மின்னின. "இதென்ன?" என்றார். "கல்யாணச் சாமான்" என்றேன். கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்துவிட்டுப் போகச் சொல்லிவிட்டார்.

இங்கே எங்கள் சபை வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையின் ஆலயத்திலும் பெண்ணின் ஆலயத்திலும் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம் நடக்க இருக்கிறது, யாருக்காவது ஆட்சேபணை இருந்தால் எழும்பிச் சொல்லலாம் என்று போதகர் கேட்பார். பொதுவாக யாரும் எழும்புவதில்லை. எழும்பினால் கல்யாணம் அந்த இடத்தில் நின்றுவிடும். எனக்கு இரண்டு ஓலை வாசித்தாயிற்று. மூன்றாவது ஓலை அடுத்த ஞாயிற்றுக்கிழமை. முந்தின நாள் சனிக்கிழமை காலையில் டைட்டஸ் தன் படகைத் தண்ணீரில் இறக்க நாள் குறித்திருந்தான். "மாப்பிளைக்க கையால ப்ரொப்பல்லர் மாட்டணும்" என்று மாமாவே சொன்னார்.

படகுத்துறையில் சொந்தக்காரர்கள் எல்லாரும் கூடியிருந்தார்கள். என்ஜின் மெக்கானிக் மரியதாசன் என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவராக இருப்பார். நான் பெட்டியைத் திறந்ததும் எல்லாரும் "அம்மாடி" என்றார்கள். அவர் மட்டும் இரண்டையும் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மாப்பிள கோவிக்கப்பிடாது. இது ரெண்டும் எதிரும் புதிருமால்லா இருக்கு."

"ஆமா. ஒண்ணு வலத்துக்கு, ஒண்ணு எடத்துக்கு."

"செரி. ஆனா இந்த ரெண்டு என்ஜினும் ஒரே பக்கமாக்கும் கறங்குதது. ஒரு என்ஜின் மாறிக் கறங்குததா இருந்தா இது செட்டாவும். இல்லேன்னா..."

எனக்குப் புரியவில்லை. புரியாதபோது வளைகுடாக்காரன் கையில் ஒரு ஆயுதம் இருக்கிறது. அதை எடுத்தேன்.

"அங்கெல்லாம் இப்படித்தான் மாட்டுவாங்க."

இந்த வாக்கியத்துக்கு எங்கள் மாவட்டத்தில் பதில் கிடையாது. கட்டடம், மீன் குழம்பு, கக்கூஸ் டைல்ஸ் எதைப் பற்றிய தர்க்கமாக இருந்தாலும் இதோடு முடிந்துவிடும். மரியதாசன் ப்ரொப்பல்லர்களை என் கையில் கொடுத்துவிட்டு, "பின்ன மாட்டுங்க" என்று சொல்லிக் கொஞ்சம் தள்ளிப் போய் நின்றார். வலது என்ஜினில் ஒன்று, இடது என்ஜினில் ஒன்று, மாட்டி முடுக்கினேன். எல்லாரும் கை தட்டினார்கள். ஷீபாவும் தட்டினாள், கொஞ்சம் மெதுவாக.

படகில் ஏறியவர்கள் ஐந்து பேர். ஸ்டியரிங்கில் டைட்டஸ். ஜெபம் பண்ண வந்த ஷீபாவின் சபைப் போதகர், எங்கள் பேச்சில் ஐயர். மாமா. 'ஒரு தடவ நானும் வாரேன்' என்று பிடிவாதம் பிடித்த ஷீபாவின் பெரியம்மை (அம்மாவின் அக்கா). நான். எனக்கு ஏறவே விருப்பமில்லை. ஆனால் படகு இன்ஜினியர் கரையில் நின்றால் நன்றாக இருக்குமா? போதகர் எழுந்து நின்று, இந்தப் படகைக் கோணலில்லாத வழியில் நடத்தும் ஆண்டவரே என்று ஜெபித்து உட்கார்ந்தார். டைட்டஸ் இரண்டு லீவரையும் முன்னால் தள்ளினான்.

படகு முன்னால் போகவில்லை. இடது பக்கமாகத் திரும்பியது.

டைட்டஸ் ஸ்டியரிங்கை வலது பக்கம் ஒடித்தான். அது தன்பாட்டுக்குத் திரும்பிக்கொண்டே இருந்தது. "மாப்பிள, எடத்தோட்டு இழுக்குதே."

"வேகம் பத்தாது. கூட்டு."

கூட்டினான். படகு நின்ற இடத்திலேயே சுழல ஆரம்பித்தது. முதல் சுற்றில் கரையில் பலமான கைதட்டல், ஏதோ மரியாதைச் சுற்று என்று நினைத்துவிட்டார்கள். இரண்டாவது சுற்றில் கைதட்டல் குறைந்தது. மூன்றாவதில் யாரும் தட்டவில்லை. ஒவ்வொரு சுற்றிலும் என் கண் முன்னால் அதே ஆட்கள் அதே வரிசையில் வந்து போனார்கள்: அம்மா, ஐஸ் வண்டிக்காரர், வாயைப் பொத்திய ஷீபா, மரியதாசன், மறுபடி அம்மா. மரியதாசன் ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் தண்ணீருக்குப் பக்கத்தில் வந்து நின்று கையை ஆட்டிக் கத்தினார். எனக்கு ஒரு சுற்றுக்கு ஒரு சொல்தான் கேட்டது.

"எடது..."

அடுத்த சுற்றில்: "என்ஜின..."

அதற்கடுத்த சுற்றில்: "ரிவர்ஸ்ல போடுலே!"

டைட்டஸ் லீவரில் கை வைத்தான். "போடாத!" என்று நான் அலறினேன். வேகத்தில் போகும்போது ரிவர்ஸ் போட்டால் கியர் உடையும் என்று கேட்டலாக்கில் தடித்த எழுத்தில் போட்டிருந்தது. "இன்னும் கூட்டு மச்சான், தன்னால நேராவும்!"

அவன் கூட்டினான். என் பேச்சைக் கேட்டு ஒருவன் செய்ததைப் பார்த்து நான் அவ்வளவு பயந்தது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. பெரியம்மை போதகரின் அங்கியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "ஐயரே, ஜெபத்த மாத்திப் பண்ணும்!" என்றாள். போதகர் கண்ணை மூடி ஒரு பாட்டை ஆரம்பித்தார். முதலடி இந்தப் பக்கத்துக் கரைக்கும் இரண்டாவது அடி அந்தப் பக்கத்துக் கரைக்கும் கேட்டிருக்கும். கொண்டுவந்த லட்டு டப்பா திறந்து, லட்டுகள் எல்லாம் ஒரே ஒழுங்காகப் படகின் ஓரத்தைச் சுற்றி ஓடின. ஏழாவது சுற்றில் என் வயிறு கைவிட்டது. (எங்கே வாந்தி எடுத்தேன் என்று கேட்க வேண்டாம். மாமா அன்று வெள்ளை வேட்டி கட்டியிருந்தார்.)

பதினோராவது சுற்றில் டைட்டஸ் என்னை ஒரு பார்வை பார்த்தான். பிறகு என்னிடம் கேட்காமலே வேகத்தைக் குறைத்து, இடது லீவரைப் பின்னால் இழுத்தான். படகு ஒரு தடவை குலுங்கிற்று. அப்புறம் சாதுவாக, நூல் பிடித்தாற்போல் நேராக, படகுத்துறையைப் பார்த்துப் போனது. ஒரு லீவர் முன்னால், ஒரு லீவர் பின்னால். துறையில் நின்ற அத்தனை பேருக்கும் அது தெரிந்தது. எல்லார் கையிலும் போன் இருந்தது, எல்லாரும் படம் பிடித்தார்கள். ஆனால் பிடித்தவர்கள் சிரித்த சிரிப்பில் ஒரு படத்திலும் வானமும் தண்ணீரும் தவிர ஒன்றும் தெளிவாக விழவில்லை. அந்த மட்டும் ஆண்டவர் இரங்கினார்.

கரையில் மரியதாசன் போதகருக்கு விளக்கிக்கொண்டிருந்தார், கையைச் சுழற்றிச் சுழற்றி. "ஐயரே, ரெண்டு என்ஜினும் வலத்தோட்டு கறங்குததாக்கும். அதுல ஒண்ணுல எடத்தோட்டு கறங்க வேண்டிய ப்ரொப்பல்லர மாட்டினா, அது பின்னால தள்ளும். ஒருத்தன் வள்ளத்த முன்னால தள்ளுதான், மத்தவன் பின்னால தள்ளுதான். பின்ன வள்ளம் எங்க போவும்?" போதகர் சுவரைப் பிடித்துக்கொண்டு கவனமாகக் கேட்டார். உடைத்த அந்தப் பழைய படகில் ஒரு என்ஜின் மாறிச் சுழல்கிறதாக இருந்திருக்கிறது. என் எட்டு வருஷச் சீட்டுகளின் ரகசியம் அதுதான்.

மாமா ஒரு மீன் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தார். நான் போய் அவர் முன்னால் நின்றேன். நாளைக்கு மூன்றாவது ஓலை. இப்போது சொல்லாவிட்டால் நான் மனுஷனே இல்லை என்று தோன்றியது.

"மாமா, நான் இன்ஜினியர் இல்ல. ஸ்டோர் கீப்பராக்கும்."

மாமா நிமிர்ந்து பார்த்தார். "அது தெரியும்லா."

"தெரியுமா?"

"பொண்ணு குடுக்கப் போறவன் விசாரிக்காம இருப்பானா? எனக்க தங்கச்சி மவன் உங்க யார்டுக்கு எதிர்த்தாப்புல சாயாக்கட வச்சிருக்கான். பய குடிக்கமாட்டான், ஸ்டோர்ல ஒரு ஆணி குறையாதுன்னு சொன்னான். அதுக்குப் பொறவுதான் சம்மதிச்சேன்."

"பின்ன எதுக்கு மாமா ப்ரொப்பல்லர மாட்ட விட்டிய?"

"ஸ்டோர் கீப்பருக்கு சாமானப் பத்தி தெரியாம இருக்குமான்னு நெனச்சேன். இன்ஜினியர்னு நெனச்சிருந்தா மரியதாசன்ட்ட ஒரு வாக்கு கேட்டிருப்பேன்."

வேட்டியை உதறிக்கொண்டு எழுந்து போனார். கல்யாணம் உண்டா இல்லையா என்று சொல்லவில்லை. கேட்க எனக்கும் தைரியமில்லை.

சாயங்காலம் ஷீபா போன் செய்தாள். கட்டின பிறகு பேச வேண்டியதையெல்லாம் இப்போதே பேசித் தீர்த்துவிடப் போகிறாள் என்று நினைத்தேன்.

"அப்பாட்ட உண்மைய சொன்னியளாமே."

"சொன்னேன்."

"பதினொரு சுத்து சுத்தின பொறவு."

"எண்ணினியா?"

"டீச்சர்லா. செரி, 'தெரியாது'ன்னு ஒரு வார்த்த இருக்கு, கேட்டிருக்கியளா?"

"கேட்டிருக்கேன்."

"நான் கேள்வி கேப்பேன். நீங்க அத மட்டும் சொல்லணும். ப்ரொப்பல்லர் எந்தப் பக்கம் சுத்தணும்?"

என் வாய் தானாகத் திறந்தது. "அது வந்து, என்ஜின..." விழுங்கினேன். அவ்வளவு பெரிய விழுங்கல் நான் விழுங்கியதே இல்லை. "தெரியாது."

"வானம் எதுக்கு நீலமா இருக்கு?"

"தெரியாது."

"கடல் எதுக்கு உப்பா இருக்கு?"

"தெரியாது."

"என்னைய பிடிச்சிருக்கா?"

"தெரி... பிடிச்சிருக்கு."

நான் தைரியத்தைக் கூட்டிக்கொண்டு கேட்டேன். "நாளைக்கு ஓலை வாசிக்கும்போ நீ எழும்புவியா?"

"நாளைக்குத் தெரியும்" என்று வைத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை என் சபைக்குப் போகாமல் அவள் சபைக்குப் போனேன். "அங்க போயி எதுக்குல மானம் கெடுத?" என்று அம்மா தடுத்தாள். மிச்சம் ஏதாவது இருந்தால்தானே கெடுவதற்கு? கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். முன்னால் பெண்கள் பக்கம் ஷீபாவின் தலை மட்டும் தெரிந்தது. போதகர் வழக்கத்துக்கு மாறாகப் பிரசங்க மேடையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். என் பெயரை வாசித்தார். அவள் பெயரை வாசித்தார். சபையில் அங்கங்கே தோள்கள் குலுங்கின. "இவர்களுடைய திருமணத்துக்கு யாருக்காவது ஆட்சேபணை உண்டானால் எழும்பிச் சொல்லலாம்" என்று சொல்லிவிட்டு நிறுத்தினார். போன இரண்டு ஞாயிறும் அந்த இடத்தில் அவர் ஒரு மூச்சுக்குமேல் நிறுத்தியதில்லை என்று கேள்வி. அன்று நிறுத்தினார்.

ஷீபா அசையவில்லை. மாமா அசையவில்லை. எனக்கு உயிர் பாதி திரும்பியது. அப்போது மூன்றாவது வரிசையில் பெரியம்மை எழும்பினாள்.

ஆலயம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. இந்தக் கல்யாணம் போனால் நான் ஷார்ஜாவிலேயே அந்த ராக்குகளுக்கு நடுவில் கிடந்து செத்துப்போவேன் என்று நிச்சயமாகத் தோன்றியது. போதகரின் முகம் வெளுத்தது.

"அக்கா, ஆட்சேபணையா?"

"இல்ல ஐயரே" என்றாள் பெரியம்மை, பெஞ்சைப் பிடித்துக்கொண்டு. "எனக்கு இன்னும் தலை கறங்குது. கொஞ்சம் பொறத்த காத்தாட நிக்கேன்."

அப்படி ஒரு சிரிப்பை அந்த ஆலயம் கிறிஸ்துமஸ் நாடகத்தில்கூடக் கேட்டிருக்காது. ஷீபா திரும்பி என்னைப் பார்த்தாள். அவளும் சிரித்துக்கொண்டிருந்தாள், கண்ணில் தண்ணீர் வர. நான் கைக்குட்டையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டேன். எனக்கும் கண்ணில் தண்ணீர்தான், ஆனால் அது சிரிப்பு இல்லை.

கல்யாணம் நடந்தது. திருமணப் பிரசங்கத்தில் போதகர் எங்களைப் பார்த்துச் சொன்னார்: "குடும்பம் என்பது இரண்டு என்ஜின் பூட்டிய படகு. ஒன்று முன்னால் தள்ள, மற்றது பின்னால் தள்ளினால் அந்தப் படகு ஓர் இடமும் போகாது, நின்ற இடத்திலே சுற்றும். உள்ளே இருக்கிறவர்களுடைய கதி என்ன என்பதை நான் அனுபவித்து அறிந்திருக்கிறேன்." சபை பத்து நிமிஷம் சிரித்தது. ஒரு போதகருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? அதற்குப் பிறகு அவர் நடத்திய ஒவ்வொரு கல்யாணத்திலும் 'ஒரு சகோதரன் இருந்தான், ஸ்டோர் கீப்பர், இன்ஜினியர் இல்லை' என்று ஆரம்பித்து அதையே சொன்னார். எங்கள் போதகர்களைச் சில வருஷத்துக்கு ஒருமுறை வேறு சபைக்கு மாற்றிவிடுவார்கள். அவர் மாறிப் போன இடமெல்லாம் அந்தச் சகோதரனும் போனான். மார்த்தாண்டத்தில் கேட்டேன் என்பார் ஒருவர், நாகர்கோவிலில் கேட்டேன் என்பார் இன்னொருவர். ஒரு கல்யாணத்தில் பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்தவர் எனக்கே அதைச் சொன்னார். சுற்றின கணக்கு அதற்குள் நாற்பது ஆகியிருந்தது. நான் பப்படத்தை நொறுக்கிக்கொண்டே, "ஆளு யாராம்?" என்று கேட்டேன். "ஏதோ பொட்டன்" என்றார்.

ஷார்ஜாவை விட்டு வந்து இப்போது தக்கலையிலேயே ஒரு இரும்புக் கடையில் ஸ்டோர் பார்க்கிறேன். இந்த வருஷம் மகளை ஆறாம் வகுப்புக்கு வேறு பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனோம். அவளே பேனாவைப் பிடுங்கி ஃபாரத்தை நிரப்பினாள், ஷீபா பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல. தலைமையாசிரியை வாங்கிப் படித்துக்கொண்டே வந்து ஓர் இடத்தில் நின்றார். தந்தையின் தொழில்: ஸ்டோர் கீப்பர் (இன்ஜினியர் இல்லை).

"இது என்னத்துக்கு ப்ராக்கெட்டுல?"

"அம்மா எழுதச் சொன்னாவ, மிஸ்" என்றாள் மகள். "எங்க வீட்ல அப்பாவப் பத்தி எப்பவும் அப்படித்தான் சொல்லுவோம்."

அவர் என்னைப் பார்த்தார். ஷீபாவைப் பார்த்தார். ஷீபா உத்தரத்தைப் பார்த்தாள். தலைமையாசிரியை கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "எனக்க மவளுக்க கல்யாணத்துல போதகர் ஒரு பிரசங்கம் பண்ணினாரு..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திவிட்டார். வாயைப் பொத்திக்கொண்டு, "படகுல சுத்தின ஆளு நீங்கதானா?" என்றார்.

"தெரியாது, மிஸ்" என்றேன்.

"அப்பாதான், மிஸ்" என்றாள் மகள்.